காஷ்மீர் போன சேலை

பதினேழு. இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். பெரியது மூன்று, நடுத்தரம் ஆறு, உள்ளங்கை அகலத்தில் எட்டு. கையிலிருந்த காபி ஆறி ஆடை கட்டியதுகூடத் தெரியாமல் என் தங்கச்சி பிரவீனா வீட்டு ஹால் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாமக்கல்லில் அவள் கட்டிய புது வீட்டுக்கு அன்றைக்குப் புண்ணியார்ச்சனை. ஹோமப் புகை இன்னும் முழுதாக அடங்கவில்லை. வந்த சொந்தக்கார ஒறம்பரை சனம் பூஜை அறையைப் பார்க்கவில்லை, வழவழவென்று போட்ட தரையைப் பார்க்கவில்லை, சமையல்கட்டைப் பார்க்கவில்லை. எல்லாம் அந்தச் சுவருக்கு முன்னால்தான் கூடி நின்றது.

சுவர் நடுவில் மரத்தில் வெட்டி ஒட்டிய உலகப் படம். அதற்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரிகிறது. அதைச் சுற்றிச் சட்டம் போட்ட படங்கள். சிங்கப்பூரில் தண்ணீர் துப்புகிற சிங்கம், துபாயில் ஒட்டகத்தின் மேல் பிரவீனாவும் அவள் புருஷனும், பாலியில் பள்ளத்தாக்குக்கு மேலே ஊஞ்சல் ஆடுகிற பிரவீனா. நடுநடுவே தாய்லாந்தில் வாங்கிய மர யானை, இலங்கை முகமூடி. பட்டுச்சேலை சரசரக்க ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இது பாலிங்க சித்தி. இந்த ஊஞ்சல்ல ஏத்தி உட்டப்ப எனக்கு உசுரே இல்லீங்க." அவள் புருஷன் ஜெயபிரகாஷ் கோழிப்பண்ணைகளுக்கு மருந்து சப்ளை செய்கிறார். வருசத்துக்கு இவ்வளவு என்று விற்றுக் காட்டினால் கம்பெனிக்காரன் ஜோடியாக வெளிநாடு அனுப்புகிறான். ராசிபுரம் பக்கம் கோழிக்குச் சீக்கு வந்தால் என் தங்கச்சி விமானம் ஏறுவாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது. கூடப் பிறந்தவள் நன்றாக இருந்தால் மனசு குளிர வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பெரியவர்களுக்குத் தங்கச்சி இருந்திருக்காது. அவளைவிட நான் ஏழு வயது மூத்தவள். இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, காயப் போட்ட ஜவ்வரிசிக் களத்தில் காக்கா ஓட்டியவள். அந்த இடுப்பில் இருந்தவள் இன்றைக்கு ஊஞ்சல் ஆடுகிறாள், நான் பழனியும் திருப்பதியும் தவிர ஒன்றும் பார்த்ததில்லை.

அது போதாதென்று பெரியம்மா மகள் ஒருத்தி பக்கத்தில் வந்து என் தோளை இடித்தாள். "ஏம் பூபதி, உன்ற ஊட்டுக்காரரு காணாத ஊரா? இந்தியா பூரா லாரி ஓட்டறவரு. நீயும்தான் ஊடு கட்டியிருக்கறே. உன்ற சொவத்துக்கு எடமே பத்தாதே!" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் நல்ல மனசோடு சொன்னாளோ குத்திச் சொன்னாளோ, எனக்கு அன்றைக்கு எல்லாமே குத்தாகத்தான் பட்டது. பந்தியில் மூன்று வகை இனிப்பு வைத்தார்கள். ஒன்றும் இறங்கவில்லை.

எங்கள் வீடு புதுச்சத்திரத்தில், ஹைவேயிலிருந்து கூப்பிடு தூரம். லாரி ஏர் ஹாரன் அடித்தால் அடுப்படியில் டம்ளர் அதிரும். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு இப்போதுதான் மெத்தை வீடு எழுப்பியிருந்தோம். குடி வந்தாயிற்று, ஆனால் ஹாலில் ஒரு சுவர் மட்டும் பெயிண்டுக்கு முன்னால் பூசுகிற பட்டி மாவோடு வெள்ளை வெளேர் என்று நிற்கிறது. பெயிண்டர் கண்ணுசாமி மூன்று தடவை வந்து போய்விட்டான். "அக்கா, கலரை மட்டும் சொல்லீட்டீங்கன்னா ஒரே நாள்ல முடிச்சுப்போடுவனுங்க" என்பான். "சித்த பொறு கண்ணுசாமி. சொவத்துல என்ன வரப்போவுதுன்னு தெரியாம நான் எப்படிக் கலரு சொல்றது?" என்று அனுப்பிவிடுவேன். அவனும் தலையைச் சொறிந்துகொண்டே போவான்.

என் மகள் ஷாலினி காலேஜில் இரண்டாம் வருசம் படிக்கிறாள். போனை எடுத்து வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிராவல் படம் என்று தட்டினாலே ஆயிரம் வருகிறதாம். பாரிஸ் கோபுரம், லண்டன் சிவப்பு பஸ், தேங்காய் மரத்துக்கு நடுவில் நீலக் கடல், எல்லாம் துணியில் அச்சடித்து நாலு நாளில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுமாம்.

"போகாத ஊரு படத்தை மாட்டறதுக்கு எதுக்கு சாமி இவ்வளவு பாடு? மளிகைக் கடைக் காலண்டரே போதுமே" என்றேன்.

"அப்ப அப்பா போன ஊரா போடலாம்மா. ஒரு இந்தியா மேப்பு, அதுல அப்பா போன எடத்துலெல்லாம் பின்னு குத்தி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு போட்டோ. சித்தி ஊட்டை உட சூப்பரா இருக்கும்."

அந்தக் கடைசி வார்த்தை தேன் மாதிரி இறங்கியது. "அதேதான்! அதைத்தான் நானும் நெனச்சேன்" என்றேன். நினைக்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன்.

"சரி, சொல்லுங்க, எழுதிக்கறேன். அப்பா எங்கெங்க போயிருக்காங்க?"

வாயைத் திறந்தேன். வடக்கே. வடக்கேதான் போவார். ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு போவார், வரும்போது ஏதாவது ஏற்றிக்கொண்டு வருவார். வெங்காயம் வந்தால் நாசிக் பக்கமாக இருக்கும். பம்பாய் என்று ஒருமுறை காதில் விழுந்திருக்கிறது. இருபத்தொரு வருசம் குடித்தனம் நடத்திவிட்டு, என் புருஷன் போன ஊர் நாலு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஷாலினி பேனாவைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

ஏன் தெரியவில்லை என்றால், நான் கேட்டதில்லை. ஒரே ஒரு தரம் கேட்டேன். கல்யாணம் ஆன மூன்றாவது வாரம். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயசு, துடுக்கு. அவர் சட்டை மாட்டிக்கொண்டு வாசற்படி தாண்டுகிறார், பின்னாலேயே போய், "ஏனுங்க, எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டேன். உள்ளேயிருந்து மாமியார் ராமாயி "அடிப்பாவி" என்று வாயில் கை வைத்தார். கிளம்புகிறவனைப் போய் எங்கே என்று கேட்கலாமா! கேட்டுவிட்டால் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். மாமியார் கூப்பிடக் கூப்பிட அவர் சிரித்தார். "போயிட்டு வந்து சொல்றேன்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, உட்காராமலே வண்டி ஏறிவிட்டார். ஐந்தாம் நாள் சேதி வந்தது. ஏதோ ஒரு மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை, வண்டி சாய்ந்து, தோள்பட்டை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று. எந்த மலை, எந்த ஊர் ஆஸ்பத்திரி, எனக்கு இன்றுவரை தெரியாது. மாமியார் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "கேட்டியே சாமி, பாத்தியா?" என்றார், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் என் நாக்கில் அந்தக் கேள்வி வந்ததில்லை. மாமியார் போய்ச் சேர்ந்து ஒன்பது வருசம் ஆகிறது. இன்னும் வரவில்லை. வாசலில் "போயிட்டு வாங்க". போனில் "சாப்டீங்களா? வண்டி நல்லா ஓடுதா? எப்ப வருவீங்க?" எங்கே இருக்கீங்க என்று கேட்டால்கூட வண்டிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். அவரும் ஒரு நிமிசம் பேசுவார், வைத்துவிடுவார். போனில் எனக்கு அவர் அனுப்புவது ஒன்றே ஒன்றுதான். தினமும் காலையில் ஆஞ்சநேயர் படம் போட்ட வணக்கம்.

ஒரு வாரம் கழித்துப் பிரவீனா வீட்டுக்குப் போனேன். புண்ணியார்ச்சனையன்று பலகாரம் போட்டுக் கொடுத்த போசியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கு. நிஜத்தில் அவள் படங்கள் எத்தனை சாண் அகலம், எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறாள் என்று அளந்துகொண்டு வரத்தான் போனேன். அவள் காபி போட உள்ளே போனதும் சுவரோரம் போய்க் கையை விரித்து அளக்க ஆரம்பித்தேன். ஊஞ்சல் மூன்று சாண். ஒட்டகம் இரண்டரை.

மூன்று பெரிய படங்களில் ஒன்று பனிமலை. அன்றைக்குக் கூட்டத்தில் தலைகளுக்கு மேலாக வெள்ளையாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். இப்போது கிட்டத்தில் நின்று பார்க்கிறேன். பனி மூடிய மலை, ஊசி ஊசியாக மரம், நடுவில் கறுப்பாக ஒரு ரோடு. எல்லாவற்றையும் ஒரு கண்ணாடி வழியாக எடுத்திருக்கிறது. அடியில், வண்டியின் டேஷ்போர்டு ஒரு விரற்கடை தெரிகிறது. அதன் மேல் சுருட்டிப் போட்ட ஒரு துணி. கிளிப்பச்சை. மஞ்சளில் மாங்காய்க் கரை.

அது என் சேலை. என் சீமந்தத்துக்கு எங்கப்பன் எடுத்துக் கொடுத்தது. உடுத்தி உடுத்தி நைந்து போனதும், கண்ணாடி துடைக்க வேண்டும் என்று அவர் கேட்டார், நானே நாலாகக் கிழித்துக் கொடுத்தேன். அட சாமி, என் சேலை என் தங்கச்சி வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது! அந்தச் சேலை அங்கே போயிருக்கிறது. நான் போகவில்லை.

பிரவீனா காபியோடு வந்தாள்.

"இது யாரு எடுத்தது?" என்றேன்.

"எது, அக்கா? ஓ, இதா! மாமா எடுத்ததுதான். போன மார்கழில காஷ்மீர் போனாரில்ல, அப்ப அனுப்புனாரு. நல்லா இருந்துதுன்னு பெருசு பண்ணி மாட்டீட்டேன். ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றேன். உடனே சொன்னேன்.

அவள் போனை எடுத்தாள். மேலே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஆறு மஞ்சளாக ஓடுகிற ஒரு பாலம். ரோட்டை அடைத்து நிற்கிற ஒட்டக மந்தை. செங்கல் சூளைப் புகைக்கு நடுவில் சூரியன். ஒரு தாபாக் கட்டிலில் தட்டு நிறைய ரொட்டி. ஐந்தாறு வருசத்துப் படங்கள். "நாந்தான் கேட்டுக்கிட்டே இருப்பேன், மாமா இப்ப எங்கிருக்கீங்க, அங்க என்ன இருக்குதுன்னு. பாவம், சலிக்காம அனுப்புவாரு. பேசியும் அனுப்புவாரு. இதைக் கேளேன்" என்று ஒன்றைத் தட்டினாள்.

என் புருஷன் குரல் வந்தது. எனக்குத் தெரிந்த குரல்தான். ஆனால் அதில் ஒரு துள்ளல் இருந்தது.

"பிரவீனா, சாமி, பனிஹால் தாண்டி நிக்கறேன். திரும்பற லோடு ஆப்பிளு. ரோட்டை அடைச்சுட்டான், நாளைக்குத்தான் உடுவானாம். ரெண்டு பக்கமும் வெள்ளையாக் கெடக்குது பாரு. நம்மூரு ஜவ்வரிசிக் களமாட்ட. காக்கா ஓட்டத்தான் ஆளில்ல." அப்புறம் சிரித்தார். நன்றாக, வாய்விட்டு, மூச்சு வாங்கச் சிரித்தார்.

காக்கா ஓட்டியது நான். இவள் இல்லை. இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட்டியது நான். அந்தக் கதையை அவருக்குச் சொன்னதும் நான்தான், கல்யாணம் ஆன முதல் வாரத்தில். அதை இத்தனை வருசம் ஞாபகம் வைத்து, காஷ்மீர் வரைக்கும் கொண்டுபோய், அங்கே நின்றுகொண்டு என் தங்கச்சிக்குச் சொல்லியிருக்கிறார்.

"நாங்க போனதெல்லாம் ஒரு டூராக்கா?" என்றாள் பிரவீனா. போனைப் பார்த்தபடியேதான் சொன்னாள். "பஸ்ஸுல கொண்டுபோயி எறக்கி உடுவான், அஞ்சு நிமிசம், போட்டோ எடு, ஏறு. இவரு ரூமுக்கு வந்தா கட்டையாட்டத் தூங்குவாரு. மாமா சொல்றதைக் கேட்டாத்தான் எனக்கு ஊரு பாத்த மாதிரியே இருக்கும். ஒண்ணு சொல்லட்டா? உன்னை நெனச்சா எனக்குப் பொறாமையா இருக்கும். எங்கிட்டயே இவ்வளவு சொல்றாரே, ஊட்டுக்கு வந்தா உங்கிட்ட உக்காந்து எவ்வளவு சொல்லுவாருன்னு."

அவள் கண்ணில் கள்ளம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மயிரைப் பிடித்து நாலு கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

"ஆமா, சொல்லுவாரு" என்றேன். "சொல்லி மாளாது."

"உனக்கும் இதுல ஒண்ணு பிரிண்ட் போட்டுத் தரட்டா?"

"வேண்டாம். எங்ககிட்ட நெறையக் கெடக்குது." காபியைக் குடிக்காமலே கிளம்பினேன்.

பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை. தப்பாக ஒன்றும் இல்லை, அது எனக்குத் தெரியும். அவளை நான் வளர்த்திருக்கிறேன், அவரோடு நான் வாழ்ந்திருக்கிறேன். தப்பாக ஏதாவது இருந்திருந்தால் ஊரைக் கூட்டி அழலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? என் புருஷன் என் தங்கச்சிக்கு ஒட்டகம் காட்டினார் என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா? வயிறு பற்றி எரிந்தது. சிங்கப்பூர் சிங்கத்துக்கு எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சிரிப்பு. அதை என்னிடம் ஒரு தரம் சிரித்திருந்தால் அந்தச் சுவரில் இருந்த பதினேழையும் அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பேன்.

நாலு நாள் கழித்து அவர் வந்தார். வந்த மனுசனுக்குச் சுடுதண்ணி வைத்தேன், களி கிண்டினேன், கீரை கடைந்தேன். வாய் மட்டும் திறக்கவில்லை. வாய்க்குப் பதிலாகப் பாத்திரம் பேசியது. சாப்பிட்டுக்கொண்டே ஷாலினியைப் பார்த்து, என்ன என்று கண்ணால் கேட்டார். அவள் தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினாள். கை கழுவிவிட்டு ஹாலில் வந்து நின்று சுவரைப் பார்த்தார்.

"கண்ணுசாமி வரலியா? ஏனு இதை இப்படியே போட்டு வெச்சிருக்கறே?"

"உங்க கொழுந்தியாகிட்ட கேளுங்க. என்ன கலரு, என்ன படம்னு அவ சொல்லுவா. அவளுக்குத்தான எல்லாந் தெரியும்."

அவர் திரும்பினார். "என்ன பேசறே?"

"பனிஹாலு" என்றேன். அந்தப் பேரை நான் சரியாகச் சொன்னேனா என்றுகூடத் தெரியவில்லை. "ஜவ்வரிசிக் களமாட்டக் கெடந்துதாமே. காக்கா ஓட்ட ஆளில்லியாமே. அந்தக் கதைய நான் யாருக்குச் சொன்னேன்? நீங்க யாருக்குச் சொன்னீங்க?"

அவர் மூன்று நாள் தாடியைச் சொறிந்தார். கோபம் வந்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். வரவில்லை.

"அவ கேட்டா பூபதி, நான் சொன்னேன். நீ ஒரு நாளாச்சும் கேட்டிருப்பியா? இருவத்தோரு வருசமா சாப்டீங்களா, எப்ப வாரீங்க, அவ்வளவுதான. எங்க இருக்கறேன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. எனக்கும் மொதல்ல சொல்லணும்னுதான் இருக்கும். இவளுக்கு ரோட்டுக் கதையெல்லாம் புடிக்காதாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன்."

எனக்குப் பொசுக்கென்று கண்ணில் தண்ணீர் நின்றது. உங்கம்மாதானுங்க, அந்த எலும்பு முறிஞ்சுதே, அன்னைக்கு உங்கம்மாதானுங்க என்று தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நாளை மறுநாள் மறுபடி வண்டி ஏறப்போகிற மனுசனிடம் அந்த விபத்தை எப்படி வாயால் எடுப்பது? அவருக்கு அது ஞாபகமே இல்லை. அவர் பாட்டுக்கு மறந்துவிட்டார். நான் அவர் உயிரை என் நாக்கில் கட்டி வைத்துக்கொண்டு இருபத்தொரு வருசம் ஊமையாக இருந்திருக்கிறேன், அதற்குப் பேர் இவளுக்குப் பிடிக்காது என்பதா!

அவர் கிளம்புகிற அன்று காலையில் லாரி வீட்டுக்கு முன்னால் நின்றது. முந்தின நாளே மில்லில் ஜவ்வரிசி ஏற்றி, தார்ப்பாய் போட்டு, கயிறு இழுத்துக் கட்டியாகிவிட்டது. நான் எப்போதும்போல முன்னும் பின்னுமாக நாலு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். தட்டில் கற்பூரம் ஏற்றி வண்டிக்கு மூன்று சுற்றுச் சுற்றினேன். அவர் மேலே ஏறி முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதே துணி. பச்சை எல்லாம் கிரீஸ் ஏறிக் கறுத்துவிட்டது. மாங்காய்க் கரை மட்டும் அங்கங்கே தெரிந்தது. துடைத்து முடித்து அதைச் சுருட்டி டேஷ்போர்டில் போட்டார், அந்தப் படத்தில் கிடந்த அதே இடத்தில். எனக்கு அந்தக் கந்தல் துணியைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. மனுசிக்கு இதற்கு மேல் என்ன கேடு வேண்டும்.

என்ஜினைப் போட்டார். வாசல் அதிர்ந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வாரேன் சாமி" என்றார் ஷாலினியிடம். அப்புறம் என்னைப் பார்த்து, "வாரேன்" என்றார்.

போயிட்டு வாங்க என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

"ஏனுங்க," என்றேன், என்ஜின் சத்தத்துக்கு மேலாக, "எங்க போறீங்க?"

"அம்மா!" என்றாள் ஷாலினி. கையிலிருந்த தட்டில் கற்பூரம் அணைந்தது. ஐயோ, கேட்டுப்போட்டேன். கேட்டே போட்டேன். மாமியார் வாயில் கை வைத்து நின்றது கண்ணுக்குள் வந்தது. ஏதாவது ஒன்று என்றால் இனி என்னைத் தவிர யாரைச் சொல்வேன்? ஆனாலும் கேட்டதை மாற்றிக் கேட்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவரும் என்னைப் பார்த்தார். அப்புறம் கையை நீட்டி என்ஜினை நிறுத்தினார். கதவைத் திறந்து, மெதுவாக இறங்கி, செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே வந்தார். ஹாலில் அந்தச் சுவருக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தண்ணி கொண்டா" என்றார். "அன்னைக்கு உக்காராமப் போயிட்டேன்."

மறக்கவில்லை. அந்த மனுசன் மறக்கவே இல்லை. சொம்பில் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து கொடுத்தேன். பாதி குடித்தார். மீதியைக் கீழே வைத்தார்.

"எங்கம்மா சொன்னாங்கன்னா கேக்காம இருந்தே?"

தலையை ஆட்டினேன்.

"போயிட்டு வந்து சொல்றேன்னேன்" என்றார். "வந்து சொல்லவே இல்ல பாரு." ஆள்காட்டி விரலைச் சொம்பில் விட்டு நனைத்து, சுவரின் அடியில், தரையை ஒட்டி ஒரு புள்ளி வைத்தார். பட்டி தண்ணீரை உறிஞ்சி, புள்ளி சாம்பல் நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. "இந்தா, இது நம்மூடு."

அங்கிருந்து மேலே இழுத்தார். "இது நம்ம வாசல்ல போற ரோடு. இதே ரோடுதான் பூபதி. சேலம். கிருஷ்ணகிரி. பெங்களூரு. மாறவே வேண்டியதில்ல, இது ஒரே ரோடாப் போயி நீ பாத்தியே அந்தப் பனி, அதுக்குள்ள நொழையும். இந்த லோடும் அங்கதான், ஸ்ரீநகரு." விரலை மறுபடி நனைத்தார். "இங்க ஒரு கணவாய் வரும். ரெண்டு பக்கமும் செவப்புப் பாறை. காத்தால போனீன்னா ரோட்டுல மயிலு நிக்கும், ஹாரன் அடிச்சாலும் நகராது. இது ஐதராபாத்து. தாண்டுனா ஒரு தாபா. அங்க ஒரு பெரியவரு, நம்மூரு வண்டி நெம்பரைப் பாத்தாப் போதும், கேக்காமயே பச்சமொளகா தனியாக் கொண்டாந்து வெப்பாரு."

"அவரு பேரென்னுங்க?" என்றேன்.

அவர் யோசித்தார். "தெரியாது. இந்தத் தடவை கேட்டுட்டு வாரேன்."

எழுந்து நின்றுகொண்டார். கோடு அவர் இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. நானும் எழுந்து பக்கத்தில் நின்றேன். நாக்பூர் வந்தது. தோள்பட்டை முறிந்த இடம் எங்கே என்று கேட்டேன். கோட்டிலிருந்து இடது பக்கமாக ஒரு சாண் தள்ளி விரலை வைத்து, அந்த ஊர்ப் பேரைச் சொல்லி, அங்கே ஒரு நர்சம்மா தினம் வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்ததைச் சொன்னார். கீழே எங்கள் வீடும் சேலமும் பெங்களூரும் காய்ந்து மறுபடி வெள்ளையாகிவிட்டன. அவர் போன் அடித்தது. புக்கிங் ஆபீஸ். எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாசலில் ஷாலினி, லாரியைப் பார்ப்பதா எங்களைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றாள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நாலும் நசுங்காமல் அப்படியே இருந்தன.

அவர் விரலைச் சொம்புக்குள் விட்டார். அடியில் தட்டிச் சத்தம் கேட்டது.

"தண்ணி தீந்துபோச்சு" என்றார். "இன்னும் டெல்லியே வரல."

நான் சொம்பை வாங்கவில்லை. உள்ளே போய், குடிக்கிற தண்ணீர்க் குடத்தை அப்படியே இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, சுவரோரம் அவர் காலடியில் இறக்கி வைத்தேன்.